குணங்குடியாரும் அவர் படைத்த மாந்தரும்

வண்ணாரப்பேட்டையைக் கடந்து வடக்கு நோக்கிச் செல்வோர் தண்டையார்பேட்டையை அடைவர். கிழக்கே இராயபுரம், அதற்கப்பால் கடல். இவ்விரு பகுதிகளையும் ஒட்டிய இடத்தில்தான் ஞானமாமேதை குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் அடக்கத்தலம் அமைந்துள்ளது. தொண்டிப் பக்கத்திலிருந்து வந்த அப்பெரியாரை மக்கள் தொண்டியார் என அழைத்தனர் என்றும், அவர் வாழ்ந்த பேட்டை தொண்டியார்பேட்டையாகிப் பின்னர்த் தண்டையார்பேட்டை எனத் திரிந்தது என்றும் இவ்வட்டாரத்துப் பெரியோர் சொல்லி வருகின்றனர். புத்தகங்கள் பலவற்றிலும் இக்கூற்று ஏறியுள்ளது.

ஆனால், கிழக்கிந்தியக் கம்பெனியார் எழும்பூர், புரசைவாக்கம் ஆகிய ஊர்களுடன் தண்டையார்பேட்டையையும் 1693ஆம் ஆண்டிலேயே தம் கைக்குக் கொண்டுவந்தனர் என்பது சென்னை வரலாறு. மஸ்தான் சாகிபு பிறந்ததோ 1792இல். ஊரின் பெயர் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முந்தியது, பெரியார் பிந்தியவர். எனினும் அக்கதையைப் பொய்யென்று ஒதுக்கிவிட எமக்கு மனம் வரவில்லை. உண்மையில் வாழ்ந்த ஒருவரை எடுத்து, அவருக்கு இல்லாத ஒரு செயலை ஏற்றி, கேட்போர் நம்பும்வண்ணம் ஓர் உருவை மக்கள் ஆக்கியிருக்கின்றனர். அவ்வுருவில் அன்பு இருக்கிறது. அவர் எவ்வூரார் என்னும் செய்தியும் இருக்கிறது. இதே தொழிலைத்தான் மஸ்தான் சாகிபு அவர்களும் தம் பாடல்களிலே மிக உயர்ந்த நிலையில் நின்று செய்தார்கள் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

உண்மை மனிதரை முதலாகக் கொண்டு கற்பனை மாந்தரைப் படைக்கும் கலை, நாவலும் சிறுகதையும் வந்தபின் தோன்றியதெனப் பலரும் கருதுகின்றனர். தமிழ் இலக்கணம் அறிந்தார் அவ்வாறு கருதார். புலவர் செய்யுள் செய்யும் நெறியில் நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்து நிற்கும் எனத் தொல்காப்பியர் வகுத்துவிட்டார். நடக்கக்கூடியதைச் சுவைபடப் புனைவது ஒன்று. உலகில் நடப்பதைக் கண்டுரைப்பது மற்றொன்று. இரண்டும் கூடினாலன்றிப் பாட்டில் வரும் மனிதர் உயிர்பெறார். அகப்பாடலில் தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்னும் விதியும் அவரதே. பெயரைச் சுட்டினால் அது ஒருவருடைய வீட்டுச் செய்தியாகிவிடும். சுட்டாவிடின் எல்லார்க்கும் உரியதாகும். பிற்காலக் கோவை நூல்கள் இதனை இன்னும் நுட்பமாக்கின. பாண்டிக்கோவையில் நெடுமாற பாண்டியன் பாட்டுடைத் தலைவன். காதல் செய்கின்ற கிளவித் தலைவனோ பெயரற்ற கற்பனையாளன். மெய்யானவரும் புனையப்பெற்றவரும் ஒரே செய்யுளுக்குள் அருகருகே வாழ்கின்றனர். இவ்விலக்கணத்தை உளங்கொண்டு நோக்கினாலன்றிக் குணங்குடியாரின் வாழ்வையும் வாக்கையும் பிரித்தறிதல் அரிது.

அவர்தம் இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். இராமநாதபுரச் சீமையில் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடி அவர் பிறந்த ஊர். தந்தையார் நயினார் முகம்மது, தாயார் பாத்திமா. பகுதாதில் அடங்கியுள்ள முகியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் திருப்பெயரே பிள்ளைக்கு இடப்பெற்றது. அந்நாளைய முஸ்லிம் குடும்பங்களில் இது பெருவழக்கு. ஆயினும் இப்பிள்ளை தமக்கிட்ட பெயருக்குரியவரைப் பிற்காலத்தில் ஒரு சதகம் முழுதும் அழைத்து நிற்கப்போகிறார் என்பதை நினைத்தால், பெயரிட்ட பெற்றோர் ஒரு விதையையே இட்டனர் எனத் தோன்றுகிறது.

மார்க்கக் கல்விக்காகக் கீழக்கரை சென்றார். அங்கே தைக்கா சாகிபு எனப் பெரும்புகழ் பெற்றிருந்த ஷைகு அப்துல் காதிர் லெப்பை ஆலிம் அவர்களிடம் பயின்றார் என்பது மரபு. கீழக்கரை வெறும் துறைமுகமன்று. வள்ளல் சீதக்காதி வாழ்ந்த ஊர். அவர் பெயரால் திருமண வாழ்த்தும் நொண்டி நாடகமும் எழுந்த ஊர். அந்நொண்டி நாடகத்தை எம் மாணவர் ஒருமுறையேனும் பார்த்தல் வேண்டும். அதில் கள்வனாகித் திரிந்து, கால்களை இழந்து, வருந்தித் திருந்தும் நாயகன் கற்பனையாளன். அவனுக்குக் கைகொடுக்கும் சீதக்காதியோ மெய்யாக வாழ்ந்த வள்ளல். கற்பனைக் கள்வன் நம்பத்தக்கவனாக நிற்பதற்கு அவ்வள்ளலின் மெய்ம்மையே ஊன்றுகோல். இத்தகைய இலக்கிய வழக்குடைய மண்ணில் இளைஞர் சுல்தான் அப்துல் காதிர் தமிழும் அரபும் கற்றார்.

பதினேழாம் அகவையை ஒட்டி அவர் வாழ்வில் ஒரு திருப்பம் நேர்ந்தது. தாய்மாமன் மகள் மைமூனை அவருக்கு மணமுடிக்கப் பெற்றோர் கருதினர். உறவுக்குள் பெண் கொள்வது அக்குடும்பங்களின் இயல்பு, மறுப்பது இயல்பன்று. அவர் மறுத்தார். வீட்டையும் சுற்றத்தையும் விட்டு நீங்கினார். வரலாறு எழுதினோர் யாவரும் மைமூன் என்னும் அந்த நல்லாளை ஒரே தொடரில் கடந்து, துறவியாரின் பின்னே விரைந்துவிடுகின்றனர். மணவினைப் பேச்சு முறிந்த ஒரு பெண்ணின் நிலை, ஊரார் வாய்ச்சொல், தாய்மாமனும் தங்கை குடும்பமும் மீண்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தல் ஆகியவை எளியவை அல்ல. ஞானியரின் துறவுக்கு அவர் மட்டுமே விலை கொடுப்பதில்லை. இப்பெயரை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

1813ஆம் ஆண்டில் திரிசிரபுரத்தில் மௌலவி ஷாம் சாகிபு அவர்களிடம் தீட்சை பெற்றார். திருப்பரங்குன்றத்துச் சிக்கந்தர் மலையில் 40 நாள் தனித்திருந்து தவம் புரிந்தார். அதன்பின் காடு மலைகளிலும் ஊர்ப்புறங்களிலும் பல்லாண்டு திரிந்து, இறுதியில் சென்னைக்கு வடபால் வந்து தங்கினார்.

அவர் வந்தபோது இன்று நாம் காணும் வடசென்னை இல்லை. இராயபுரத்துப் புகைவண்டி நிலையம் 1856இல்தான் எழுந்தது. ஆலைகளும் துறைமுகத்து மதிலும் அதற்கும் பிந்தியவை. கோட்டைக்கு வடக்கே கறுப்பர் பட்டணம். அதற்கும் வடக்கே கம்பெனியின் துணிகளை வெளுத்துக் கொடுத்தோர் குடியமர்ந்தமையால் பெயர்பெற்ற வண்ணாரப்பேட்டை. கரையோரம் மீனவர் குப்பங்கள். அவற்றிடையே மூங்கிலும் முட்புதரும் மண்டிய ஓரிடத்தில் அவர் அமர்ந்தார் என்பர். நெய்வோரும் வெளுப்போரும் வலைஞரும் தோல் வணிகரும் கப்பற்கூலிகளும் நடமாடிய பகுதி இது. அவர்களுள் பலரும் அவரைப் பித்தரென்றே முதலில் எண்ணினர். மஸ்த் என்னும் பாரசீகச் சொல்லுக்கு வெறி, மயக்கம் என்பன பொருள். இறைக்காதலால் மயங்கியவர் என்னும் கருத்தில் மஸ்தான் என்றனர். ஏசலாகவோ வியப்பாகவோ எழுந்த ஒரு பெயர், காலப்போக்கில் இயற்பெயரை மறைத்துவிட்டது.

இங்கிருந்து அவர்தம் படைப்புக்கு வருவோம். அவர் படைத்த மாந்தருள் முதல்வர் அவரே. பாடல்தோறும் தம் ஊர்ப்பெயரைத் தாங்கி ஒருவர் பேசுகிறார். அவர் பெண்ணாசையில் அழுந்தியவர், பொன்னாசையில் புழுங்கியவர், பொய்யும் வஞ்சகமும் செய்து நாளைத் தொலைத்தவர், நாயினும் கடையேன் என்று நெஞ்சில் அறைந்துகொள்பவர். பதினேழு வயதில் மணப்பந்தலையே வேண்டாமென்று போனவர், காடுகளில் நோன்பிருந்தவர், பெண்மயக்கத்தில் உழன்றதாக ஏன் அழுகிறார்? பாடலைப் பாடியவரின் நாட்குறிப்பாக வாசிப்போர் இங்கே தடுமாறுவர். சிலர் இதற்கென்றே அவர் இளமையில் இல்லாத நடத்தைகளை ஊகித்தும் இருக்கின்றனர். அது முறையன்று.

இதில் ஒரு பங்கு மரபு என்பதை மறைக்க வேண்டா. பட்டினத்தாரும் தாயுமானவரும் சென்ற வழி அது. தாயுமானவரைப் போலவே பராபரக் கண்ணி என்னும் பெயரில் இவரும் ஒரு நூல் செய்திருக்கிறார். மரபு மட்டுமே எனின் அவர் பாடல்கள் கேட்போரை இத்துணை உருக்கியிரா. சந்தையிலும் கடற்கரையிலும் தம்மைச் சுற்றி உழன்றோரின் ஆசையையும் அச்சத்தையும் கண்டு, அவற்றைத் தம் தலைமேல் தாமே ஏற்றிக்கொண்டு பேசினார் எனக் கொள்வதே பொருந்தும். பிறர் குற்றத்தை அவர்மேல் வைத்துப் பாடினால் அறிவுரையாகும். தம்மேல் வைத்துப் பாடியதால் கேட்பவன் தன்னையே அங்குக் கண்டான். பாடலில் வரும் குணங்குடியான் பலரால் ஆன ஒருவன். அவனைப் பாடிய சுல்தான் அப்துல் காதிர் வேறு. இவ்வேறுபாட்டை மறந்தால் இருவரையும் இழந்துவிடுவோம்.

இரண்டாமவர் முகியித்தீன் ஆண்டகை. அவர்கள் கற்பனை மாந்தர் அல்லர், கி.பி. 1166இல் பகுதாதில் மறைந்த வரலாற்றுப் பெரியார். தாயார் சட்டையில் தைத்துக் கொடுத்த 40 பொற்காசுகளைக் கள்வரிடம் மறையாமல் கூறிய சிறுவராக அவர்களை நம் பிள்ளைகளும் அறிவர். அப்பெரியார்க்கும் குணங்குடியார்க்கும் இடையே ஆறு நூற்றாண்டுகளும் ஒரு பெருங்கடலும் கிடக்கின்றன. முகியித்தீன் சதகத்தில் கவிஞர் என்ன செய்தார்? அவர்களைக் குணங்குடியில் வாழ்பவராகவே அமைத்துவிட்டார். பாடல்தோறும் அவ்வாறே விளிக்கிறார். பனையும் கருவேலும் நிற்கும் இராமநாதபுரத்துச் சிற்றூரில் பகுதாது நாயகர் குடியிருக்கிறார். அழைத்தால் கேட்கும் தொலைவில் இருக்கிறார். பிள்ளை தந்தையிடம் முரண்டு பிடிப்பதுபோல் அவரிடம் முரண்டு பிடிக்கலாம். வரலாற்றுச் செய்தி எனின் இது பிழை. நம்பத்தக்கதா எனின் ஐயமே இல்லை. ஏனெனில் பெயரும் பெருமையும் மெய்; இடம் மட்டுமே புனைவு. அந்த ஒரு புனைவினால் தொலைவிலிருந்தவர் வீட்டுப் பெரியவராகிவிட்டார்.

உலக இலக்கியத்தில் இதற்கு ஒரு பேரிணை உண்டு. கொன்யா நகரில் மௌலானா ஜலாலுத்தீன் ரூமி (ரஹ்) அவர்கள் 1244இல் ஷம்ஸ் தப்ரேஸ் என்னும் நாடோடிப் பெரியாரைச் சந்தித்தார்கள். சில ஆண்டுகளில் ஷம்ஸ் காணாமற் போனார். அதன்பின் ரூமி பாடிய பாடல்களில் ஷம்ஸ் கதிரவனாக, காதலராக, பேசும் வாயாகவே வருகிறார். தம் பெயரை முத்திரையாக வைக்கவேண்டிய இடத்தில் ரூமி அவர் பெயரையே பல பாடல்களில் வைத்தார். பயணக் களைப்புடன் வந்து சேர்ந்த மனிதர் ஒருவரே. பாட்டில் வாழ்பவரோ அவரினும் பன்மடங்கு பெரியவர். சந்தித்த நண்பரைச் சந்திக்கமுடியாத உயரத்துக்கு ரூமி ஏற்றினார். சந்திக்கவே இயலாத பெரியாரைத் தம் தெருவுக்கு இறக்கிவந்தார் குணங்குடியார். இரண்டில் எது அரிது என எமக்கு முடிவுகூறத் தெரியவில்லை. தமிழுக்கு இயைந்தது பின்னதே.

மூன்றாமவள் மனோன்மணி.

மனோன்மணிக் கண்ணி குணங்குடியாரின் நூல்களுள் பலராலும் பாடப்பெறுவது. பலராலும் ஐயுறப்பெறுவதும் அதுவே. பரம்பொருளைப் பெண்ணாக்கி, தாம் அவள்மேல் மையல் கொண்ட ஆண்மகனாகி, அழைத்தும் ஏங்கியும் ஊடியும் கெஞ்சியும் பாடுகிறார். மனோன்மணி என்பது யோக நூலாரும் சித்தரும் வழங்கிய சொல். மனம் அடங்கிய உயர்நிலையையும் சத்தியையும் குறிப்பது. தமிழ்ப் பக்திநெறியில் பெரும்பாலும் இறைவன் தலைவன், உயிர் தலைவி. சூஃபிகளின் நெறியில் அது மாறி நிற்றலும் உண்டு. காதலிக்கப்படுபவள் பெண், தேடித் திரிபவன் ஆண். அரபு நாட்டுக் கைஸ் என்பான் லைலாவுக்காகப் பித்தேறி மஜ்னூன் ஆனதும், நிஜாமி 12ஆம் நூற்றாண்டில் அதனைப் பாரசீகக் காவியமாக்கியதும், இறைக்காதலுக்கு அதனை உவமையாக ஞானியர் ஆண்டதும் அறிந்தவையே. மஜ்னூன் என்றாலும் பித்தன். மஸ்தான் என்றாலும் மயங்கியவன்.

இங்கேதான் மைமூனின் பெயர் மீண்டும் எழுகிறது. மணக்காமல் விட்டுவந்த மாமன் மகளே பாட்டில் மனோன்மணியானாள் எனக் கருதத் தோன்றும். கதைக்கு அழகாகத்தான் இருக்கிறது. மைமூன், மனோன்மணி என்னும் பெயர்களின் ஓசைகூட ஒத்துவருகிறது. எம் கருத்து அதுவன்று. காரணம் கூறுவோம். மனோன்மணியின் முகச்சாயலோ நடையோ இன்னாருடையது எனச் சுட்டத்தக்க ஓர் அடையாளமும் அக்கண்ணிகளில் இல்லை. விட்டு நீங்கியவர் அடையும் குற்றவுணர்வு அங்கில்லை. கிட்டாதவர் படும் தாகமே உண்டு. மைமூன் அவரால் மறுக்கப்பட்டவள். மனோன்மணியோ அவரை மறுத்துக்கொண்டே இருப்பவள். ஒருத்தியைப் பார்த்து மற்றவளை எழுதியிருந்தால் இந்நிலை தலைகீழாகியிராது.

எனினும் மைமூனுக்கு அப்பாடலில் பங்கே இல்லை என்றும் சொல்லோம். குணங்குடியிலும் தொண்டியிலும் அவர் கண்டிருந்த இல்லங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். நிச்சயித்த பெண்ணை மணநாள்வரை காணலாகாது; திரைக்குப் பின்னே ஒரு வளையோசை, ஒரு பேச்சொலி, அவ்வளவே. அவள் இருக்கிறாள் என்பது உறுதி; காண இயலாது என்பதும் உறுதி. காணாத ஒருத்திக்காகக் காத்திருத்தல் என்னும் நிலையை அச்சமுதாயத்து இளைஞன் ஒவ்வொருவனும் அறிவான். மனோன்மணி திரைக்குப் பின்னிருந்து வாராமல் வருத்துகின்ற அந்நிலையை உலகியலிலிருந்து எடுத்தார், ஆளை எடுக்கவில்லை. சுட்டி ஒருவர் பெயர் கொள்ளாத தொல்காப்பிய நெறி இங்கே ஒரு பெண்ணின் மானத்தையும் காத்தது எனலாம். மைமூன் வேறொருவர் மனைவியாக வாழ்ந்திருப்பினும் இப்பாடல் அவர் வீட்டு முற்றத்தில் பாடப்படலாம். ஒருவரும் அவரைத் திரும்பிப் பாரார்.

இப்பாடல்களைப் பற்றி நம் சமுதாயத்தில் நெடுங்காலமாக ஒரு தயக்கம் உண்டு. மனோன்மணி, நந்தீசுவரன், அகத்தீசன் என்னும் பெயர்களை ஒரு முஸ்லிம் ஞானியார் ஆளலாமா என்று ஆலிம்களும் பெரியோரும் வினவியுள்ளனர். இவ்வினாவை எள்ளி ஒதுக்குவது தகாது. ஓரிறைக் கொள்கையில் சிறு மாசும் படியலாகாது என்னும் கவலையிலிருந்தே அது பிறக்கிறது. ஆயினும் அப்பெயர்களை வழிபடப்பெறும் தெய்வங்களின் பெயராகக் கொள்வதா, பாட்டுக்குள் நிற்கும் மாந்தரின் பெயராகக் கொள்வதா என்பதே தெளிய வேண்டியது. அகத்தீசன் என்னும் சொல்லை அகத்தில் உறையும் ஈசன் எனப் பிரித்துப் பொருள்கொள்ள இடமுண்டு. தம்மைச் சூழ இருந்த சைவச் செவிகளுக்குப் பழகிய பெயர்களை எடுத்து, தாம் கீழக்கரையிலும் திரிசிரபுரத்திலும் கற்ற பொருளை அவற்றுள் நிரப்பினார். றகுமான் கண்ணியையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் போற்றும் பாடல்களையும் அவற்றோடு சேர்த்து வாசிப்பவர்க்கு இது விளங்கும். மனோன்மணியைத் தனியே பறித்தெடுத்து வாசித்தால் குழப்பமே மிஞ்சும். வகுப்பில் பாடமாக வைக்கும்போது நாமும் பெரும்பாலும் அவ்வாறே பறித்து வைத்துவிடுகிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அவர் அமைத்த மாந்தரைச் சமயம் கடந்து நம்பியோர் பலர் இப்பகுதியிலேயே வாழ்ந்தனர். தமிழ் நூல்களை ஆராய்ந்து அச்சிலேற்றிய தொடக்ககால அறிஞருள் ஒருவரான திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர்களுள் தலையாயவர். சைவப் புலவரான அவர் முஸ்லிம் ஞானியார்மீது நான்மணிமாலை பாடினார். வெண்பா, கலித்துறை, விருத்தம், அகவல் என நால்வகைப் பாவும் அந்தாதித்து வரும் அச்சிற்றிலக்கியம் தெய்வங்களுக்கும் அரசர்க்கும் உரியதாய் இருந்தது. மூங்கிற் புதரில் அமர்ந்திருந்த பித்தர் அதில் பாட்டுடைத் தலைவரானார்.

ஹிஜ்ரி 1254ஆம் ஆண்டில், கி.பி. 1838இல், சந்திரக் கணக்கில் 47ஆம் அகவையில் குணங்குடியார் மறைந்தார். தாம் தங்கியிருந்த இடத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார். ஆட்சியாளர் ஏடுகளில் முன்பே இருந்த ஓர் ஊர்ப்பெயரை மக்கள் மெல்ல மெல்ல அவருக்குரியதாக்கிக் கொண்டனர். தம்மைப் பாவியென்று பாடியவரை அவர்கள் அப்பாடலின்படி நம்பவில்லை. பகுதாது நாயகரைக் குணங்குடிக்குக் கொண்டுவந்தவரைத் தொண்டியிலிருந்து கொண்டுவந்து தங்கள் பேட்டைக்கே பெயராக்கிவிட்டனர்.